கன்றின் நடுவே நடந்தவள்

எருசலேமின் ரொட்டிக்காரர் தெருவில் முதலில் புகைவது அத்தாராளின் அடுப்புதான். புருஷன் செத்த பிறகு ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாக நின்று தொழிலைக் கட்டிக் காத்தவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி சிபியாள். விறகு சுமப்பதும் திரிகை அரைப்பதும், கொதிக்கிற அடுப்புக்குள் முழங்கை வரை விட்டு ரொட்டியை அப்பி எடுப்பதும் அவள்தான். அவளுக்கு ஊர் கேபா கிராமத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மலைச்சரிவு. மழை பொய்த்த ஒரு வருஷம் அவளுடைய அப்பன் நாலு மூட்டை வாற்கோதுமையை வாங்கிக்கொண்டு மகளை இங்கே விட்டுப் போனான். நம் எபிரெய இனத்து ஆளை நாமே ஆறு வருஷத்துக்கு மேல் அடிமையாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஏழாம் வருஷம் கைநிறையக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது கர்த்தரின் சட்டம். சிபியாளுக்கு எட்டாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

"அடியே, ரொட்டி கருகுது. வாயை மூடிட்டு அடுப்பைப் பாரு."

"வாயைத் திறந்து வச்சாலும் கண்ணு தெரியும்மா எனக்கு."

இப்படித்தான் இருவருக்கும் பொழுது போகும். சிபியாள் வாய் ஓயாமல் பேசுவாள். அத்தாராள் திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாபிலோனிலிருந்து வந்த கல்தேயர் படை நகரத்தைச் சுற்றி வளைத்து நாலு மாதமானபோது ராஜாவின் ஆள் ஒருவன் தெருமுனையில் நின்று கூவினான். எபிரெய அடிமைகள் எல்லோரையும் இன்றே விடுதலை செய்ய வேண்டும்! கர்த்தருக்கு முன்னால் சத்தியம் செய்ய எல்லா வீட்டாரும் ஆலயத்து முற்றத்துக்கு வர வேண்டும்!

தெருவே ஓடியது. முற்றத்தில் ஒரு கன்றுக்குட்டியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி என்று கிடத்தியிருந்தார்கள். பிரபுக்கள் முதலில் அதன் நடுவே நடந்தார்கள். பிறகு ஆசாரியர்கள், பிறகு ஜனங்கள். சொன்ன சொல்லை மீறினால் இந்தக் கன்றுக்கு நேர்ந்தது எங்களுக்கு நேரட்டும் என்பதுதான் அந்த நடையின் பொருள். அத்தாராளும் நடந்தாள். கல் தரையில் ரத்தம் வழுக்கியது. அவளுடைய பாவாடை விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு அது ஏறிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். "போடி. நீ இனிமே யாருக்கும் அடிமை இல்ல."

சிபியாள் மாவுக் கையோடு எழுந்தாள். "நிஜமாவா?"

"கன்னுக்குட்டி மேல சத்தியம்."

சிபியாள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவள் அத்தாராளின் இரண்டு கன்னத்திலும் மாவு அப்பிக்கொள்ளும்படி முத்தம் கொடுத்தாள். தெருவில் குதித்து இறங்கினாள். மற்ற வீடுகளிலிருந்தும் பெண்களும் ஆண்களும் இறங்கினார்கள். கைகோத்து ஆடினார்கள். வெளியே எதிரி மண்மேடு எழுப்பிக்கொண்டிருக்கிறான், உள்ளே அரைவயிற்றுக் கஞ்சி, இவர்கள் ஆடுகிறார்கள்! அத்தாராளுக்கும் கால் துறுதுறுத்தது. இத்தனை லேசாக அவள் மனசு இருந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

ஒரு மாதம் கழித்து, யாரும் எதிர்பாராத ஒரு காலையில், மதில்மேல் காவல்காரர்கள் தலைப்பாகையைக் கழற்றி வீசினார்கள்.

"போயிட்டானுங்க! கூடாரத்தைப் பிரிச்சுட்டு ஓடுறானுங்க!"

எகிப்தின் படை வருகிறதாம். கல்தேயர் அதை எதிர்கொள்ளப் போய்விட்டார்களாம். நகர வாசல்கள் திறந்தன. மூன்றே நாளில் கோதுமை வந்தது, எண்ணெய் வந்தது, ஆடுகள் வந்தன. கல்யாணங்கள் வந்தன. அத்தாராளிடம் ஒரே நாளில் முந்நூறு ரொட்டி கேட்டார்கள். அவளுக்கு இருந்ததோ இரண்டு கை.

பக்கத்து அடுப்புக்காரன் அல்லோன் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு. அவன் நாலு அடிமைகளை விடுவித்தவன். நாலு பேரும் திரும்ப அவன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, தனியா மல்லுக்கட்டுற? உன் ஆளைப் போய்க் கூட்டிட்டு வா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்பா."

"யாரு பண்ணல? கழுத்துல கத்தி இருந்துச்சு, பண்ணோம். இப்ப கத்தி போயிடுச்சு. தெரு பூரா கூட்டிட்டு வந்தாச்சு, உனக்கு மட்டும் தனிச் சொர்க்கமா?"

அத்தாராள் ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் மாவு புளித்து வீணானது. மூன்றாம் நாள் அல்லோனின் ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு மீன் வாசலுக்குப் போனாள். அங்கே மதிலோரம் ஒரு சாய்ப்பில் சிபியாள் ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வழியில் ஆபத்து என்று காத்திருந்தவள், விடிந்தால் கிளம்பலாம் என்றிருந்தாள்.

அத்தாராளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வழியனுப்ப வந்தீங்களாம்மா?"

பின்னால் நின்ற இரண்டு ஆட்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஓடினாள். ஒருவன் பிடித்தான். அவன் கையைக் கடித்தாள். மூட்டை அவிழ்ந்து ஒரு சீப்பும் ஒரு பிடி உலர்ந்த அத்திப்பழமும் மண்ணில் சிதறின. கடைசியில் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தது அத்தாராளின் கைதான்.

அதற்குப் பிறகு சிபியாள் பேசவில்லை. அரைத்தாள், பிசைந்தாள், சுட்டாள். ரொட்டி கருகியபோது அத்தாராள் வேண்டுமென்றே திட்டிப் பார்த்தாள். சிபியாள் கருகியதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை அப்பினாள். முந்நூறு ரொட்டியும் விற்றது. அந்த அடுப்படியில் அத்தாராளுக்கு மூச்சு முட்டியது.

பதினோராம் நாள் அவள் கூடையோடு ஆலயத்து முற்றத்துக்கு விற்கப் போனாள். பண்டிகைக் கூட்டம். மேளம், சிரிப்பு. திடீரென்று நடுவில் ஒரு கூச்சல். வெள்ளை உடுப்பில் காய்ந்த ரத்தக் கறையோடு ஒரு லேவியன், பலிமிருகங்களை வெட்டுகிற வேலைக்காரன், கற்படியில் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

"அந்தக் கன்னை வெட்டுனது நான்!" என்று கத்தினான். "இந்தக் கைதான்! நீங்க ஒவ்வொருத்தரும் நடுவுல நடந்தீங்க, நான் பார்த்தேன். எண்ணிக்கிட்டே நின்னேன். இப்ப எல்லார் வீட்டுலயும் அந்த ஜனங்க திரும்ப மாவரைக்குறாங்க. யாரை ஏமாத்துறீங்க? கர்த்தரையா? எகிப்துல நம்ம அப்பன்மாரு அடிமையா அழுதப்ப கேட்ட காது அது. இப்ப நம்ம அடுப்படியில அழுறவங்க சத்தம் அதுக்குக் கேக்காதா? படை போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. அது திரும்பும். அடுத்த கன்னுக்குட்டி நாமதான்!"

"குடிச்சிருக்கான்!" என்றான் ஒருவன். "எறக்குங்கடா அவனை!" யாரோ அவன்மேல் ஒரு எலும்பை வீசினார்கள். கூட்டம் சிரித்தது.

அத்தாராள் சிரிக்கவில்லை. குனிந்து தன் பாவாடை விளிம்பைப் பார்த்தாள். ஆறு தடவை துவைத்தும் போகாத பழுப்புக் கறை. அதைக் கைக்குள் கசக்கிப் பிடித்தாள். தண்டனைக்குப் பயந்தா? பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவள் கண்முன் வந்தது கத்தியும் படையும் இல்லை. வழியனுப்ப வந்தீங்களாம்மா என்று மலர்ந்த அந்த முகம்.

"கர்த்தாவே, நான் என்ன பண்ணிட்டேன்," என்றாள் வாய்விட்டு. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஐம்பது வயசுக்காரி படிக்கட்டுகளில் தாவி, கழுதைகளுக்கு நடுவே புகுந்து, கல்யாண ஊர்வலம் ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதை ஊரே பார்த்தது. வீட்டுக்குள் வந்து விழுந்தாள்.

"சிபியா! எழுந்திரு! போ! இப்பவே போ!"

சிபியாள் திரிகையை நிறுத்தவில்லை. பதினொரு நாளில் முதல்தடவையாகப் பேசினாள். "போனா மறுபடி எப்ப வந்து முடியைப் புடிப்பீங்க? சொன்னீங்கன்னா சீவாம வச்சிருப்பேன்."

அத்தாராள் அவள் காலடியில், மாவுத் தூசியில், உட்கார்ந்துவிட்டாள். "நீ நம்ப வேண்டாம். நான் நம்பிக்கைக்குத் தகுந்தவ இல்ல. ஊர் வாசல்ல மூப்பர்கள் முன்னால சொல்றேன். எழுதிக் குடுக்கச் சொல்றேன். என் கழுதையை வச்சுக்க. மாவு வச்சுக்க. எட்டு வருஷத்துக்கு நான் குடுக்க வேண்டியது. வாடி, வா, எந்திரி, நேரமில்ல!"

சிபியாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரிகைக் குச்சியைக் கீழே வைத்தாள்.

கழுதைமேல் இரண்டு மூட்டை மாவும் ஒரு தோல்பை திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கியதும் அல்லோன் குறுக்கே வந்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"என்னக்கா இது கூத்து? நீ விட்டா என் ஆளுங்க சும்மா இருப்பானுங்களா?"

"நீயும் விடுடா! கன்னு நடுவுல நீயும்தான நடந்த!"

"பைத்தியம் புடிச்சிருச்சு இவளுக்கு!"

அவன் கழுதையின் கயிற்றைப் பிடித்தான். அத்தாராள் அவன் தொப்பையில் தலையால் முட்டினாள். அவன் மாவுப் பானைமேல் மல்லாந்தான். அவன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த நாலு பேரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கோடரியைப் போட்டுவிட்டு அவளும் சுவரேறிக் குதித்துக் காணாமல் போனாள்.

பென்யமீன் வாசலில் நாலு மூப்பர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தாராள் மூச்சிரைக்கச் சொன்னாள். "இவ என் அடிமை இல்ல. ஆறு வருஷம் முடிஞ்சப்பவே இல்ல. நான் சத்தியத்தை மீறினேன், பாவம் பண்ணினேன். நீங்க சாட்சி." மூப்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். ஒருவர் மட்டும், மெல்லிய குரலில், "சாட்சி," என்றார். எழுதுகிறவனைக் கூப்பிட்டு உடைந்த பானையின் ஓட்டுத்துண்டில் இரண்டு வரி எழுதச் சொன்னார்.

அந்த மை காய்வதற்குள் மதில்மேல் கொம்பு முழங்கியது.

ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு நிற்காமல்.

"தூசி! மேற்கு வழியில தூசி! அவனுங்க திரும்பிட்டானுங்க!"

சந்தைக்கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வாசலுக்குள் பாய்ந்தது. கதவுகளை இழுக்கத் தொடங்கினார்கள். உள்ளே வருகிற வெள்ளத்துக்கு எதிராக இரண்டு பெண்களும் ஒரு கழுதையும் வெளியே போகப் போராடினார்கள். ஆடு ஒன்று அத்தாராளின் கால்களுக்கிடையில் புகுந்தது. "தள்ளு! தள்ளு!" கழுதை பிடிவாதமாக நின்றது. அத்தாராள் அதன் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது பாய்ந்தது, கயிற்றைப் பிடித்திருந்த சிபியாளும் அதோடு பறந்து வெளியே விழுந்தாள்.

"அம்மா! நீங்களும் வாங்க! கையைக் குடுங்க!"

அத்தாராள் கையை நீட்டினாள். அவள் தோளைப் பின்னாலிருந்து கூட்டம் இழுத்தது. விரல் நுனிகள் தொட்டன. கதவு மூடியது. இரும்புத் தாழ் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்ததை யாரும் விவரமாகச் சொல்ல விரும்பமாட்டார்கள். முதலில் கோதுமை தீர்ந்தது. பிறகு தவிடு. பிறகு ரொட்டிக்காரர் தெருவில் எந்த அடுப்பும் புகையவில்லை. அல்லோன் அந்தத் தொப்பையெல்லாம் வற்றி, ஒரு மத்தியானம் அத்தாராளின் சுவரில் சாய்ந்தபடியே செத்துப்போனான். சாவதற்கு முன் அவன், "நீ ஒருத்தியாவது விட்டியே அக்கா," என்றான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுக்க அதுதான் இருந்தது. அவனுடைய மற்ற மூன்று ஆட்களும் இதற்குள் தாங்களாகவே விடுதலையாகி எங்கோ போயிருந்தார்கள்.

அடுத்த வருஷத்து நாலாம் மாதம் மதில் உடைந்தது. ஐந்தாம் மாதம் ஆலயம் எரிந்தது. கேதுரு மர உத்திரங்கள் வெடித்து விழும் சத்தம் நாளெல்லாம் கேட்டது. அத்தாராள் அழுதுகொண்டே ஒரு வார்த்தையைத்தான் சொன்னாள். "நியாயம்தான் ஆண்டவரே, நியாயம்தான். ஆனா இத்தோட விட்டுராதீங்க எங்களை."

பிழைத்தவர்களைக் கல்தேயர் கயிற்றில் கட்டி ராமா என்ற ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பொட்டல் வெளியில் ஆயிரக்கணக்கில் உட்கார வைத்து ஆள் ஆளாகப் பிரித்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் பாபிலோனுக்கு. அத்தாராள் வாய் தவறி ரொட்டிக்காரி என்று சொல்லிவிட்டாள். பாபிலோன் வரிசையில் கட்டப்பட்டாள். திரும்பி வராத வழி அது.

இரண்டாம் நாள் காலையில், வெயில் ஏறும் நேரத்தில், வரிசை நெடுக ஒரு பெண் குனிந்து குனிந்து முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நல்ல உடை. தலையில் ஒரு கூடை திராட்சைப்பழம். அத்தாராளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் இவளைத் தாண்டிப்போய், நின்று, திரும்பினாள். கூடை நழுவிப் பழங்கள் உருண்டன.

"இவதான்! ஐயா! ஐயா! இவதான்!"

சிபியாள்! அவள் கல்தேய அதிகாரி ஒருவனின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். கூடவே மொழிபெயர்க்கிறவன் ஓடி வந்தான்.

"இது என் அடிமை!" என்று சிபியாள் கண்ணில் நீர் வழிய இரைந்தாள். "ஓடிப்போனவ! உங்க தளபதிதான் எனக்குத் திராட்சைத் தோட்டம் குடுத்தாரு, ஒண்ணுமில்லாத ஏழைங்களுக்கெல்லாம் குடுத்தாரே, அதுல! பழம் பழுத்து வெடிக்குது. உங்களுக்கு ரசம் அனுப்பணும்னா பறிக்க ஆள் வேணாமா? என் ஆளை நீங்க கட்டி வச்சிருக்கீங்க!"

அதிகாரி அத்தாராளைப் பார்த்தான். மொழிபெயர்க்கிறவன் கேட்டான், "நீ இவளுக்கு அடிமையா?"

அத்தாராள் தலையைத் திருப்பினாள். சுற்றி ரொட்டிக்காரர் தெரு ஜனங்கள், அவள் யாரென்று அறிந்தவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"ஆமா," என்றாள். "இவங்கதான் என் எசமானி."

அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். மொழிபெயர்க்கிறவன் சொன்னான், "ஓடிப்போன அடிமையைக் கண்டுபிடிச்சா எசமானி இப்படியா கண்ணீர் விடுவா? அவளை அடி பார்க்கலாம்ங்கிறாரு."

சிபியாள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கையை ஓங்கி ஓர் அறை விட்டாள். அது நடிப்பு அறை இல்லை. எட்டு வருஷமும், மீன் வாசலில் சிதறிய அத்திப்பழமும் அந்தக் கையில் இருந்தன. அத்தாராளின் காது ரீங்கரித்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கயிற்றை அறுக்கச் சொன்னான்.

இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். மேடு ஏறி, ராமா மறைந்ததும், சிபியாள் பொத்தென்று வழியில் உட்கார்ந்து கதறினாள்.

"வலிச்சுதாம்மா?"

"வலிக்கத்தானடி அடிச்ச."

"ஆமா," என்றாள் சிபியாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "அதான் அழுறேன்."

அத்தாராளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் உன் முடியைப் புடிச்சேன், சிபியா. சத்தியத்தை மீறிப் புடிச்சேன். மன்னிச்சுடுன்னு கேக்க அன்னைக்கு நேரமில்ல. இப்பக் கேக்குறேன்."

சிபியாள் தெற்கே பார்த்தாள். தூரத்தில் நகரம் இருந்த திக்கில் இன்னும் புகை நின்றது. "மன்னிச்சாச்சான்னு தெரியலம்மா," என்றாள் கடைசியில். "சில நாள் காலையில எந்திரிச்சா கோவமா வரும். அன்னைக்கெல்லாம் நான் பேசாம இருப்பேன். நீங்க தாங்கிக்கணும்."

"தாங்கிக்கிறேன்."

"கதவு மூடுறப்ப உங்க விரல் என் விரல்ல பட்டுச்சு. கேபாவுக்குப் பின்னால குகையில ஒளிஞ்சிருந்த மாசமெல்லாம் அதை நெனச்சுக்கிட்டே இருந்தேன். கழுதையையும் மாவையும் வச்சுத்தான் அங்க ஒளிஞ்சிருந்த நாங்க எட்டு பேரு பொழச்சோம். சரி, எந்திரிங்க. நீங்க யாருக்கும் அடிமை இல்ல. எங்க வேணும்னாலும் போங்க."

"எனக்குப் போக எங்கடி இருக்கு?"

"அப்ப வாங்க. விளைச்சல்ல பாதி உங்களுக்கு. மத்தவங்க அவங்கவங்களுக்குக் கெடச்ச தோட்டத்துக்குப் போயிட்டாங்க, நிஜமாவே ஆள் இல்லாமத்தான் கெடக்கு."

அது நிஜம்தான். தோட்டம் சரிவு முழுவதும் கறுத்துக் குலைகுலையாகத் தொங்கியது. இத்தனை வருஷப் போரில் யாரும் கிளை நறுக்கிக் கவாத்து செய்யாத கொடிகள் அவை. எங்கிருந்து வந்தது இத்தனை பழம்? அன்று மத்தியானமே பறிக்கத் தொடங்கினார்கள். மறுநாளும் பறித்தார்கள். கல்லில் வெட்டிய தொட்டி நிரம்பிவிட்டது, கொடிகள் குறைந்த மாதிரியே தெரியவில்லை. சிபியாள் கொலுசுதான் இல்லாத குறையாகத் தொட்டிக்குள் குதித்து மிதித்தாள். முழங்கால் வரை சிவப்பு. அத்தாராள் விளிம்பில் நின்று கூடை கூடையாகக் கொட்டினாள். ஊர் சாம்பலாய்க் கிடக்கும்போது சந்தோஷப்படலாமா என்று அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கூடையைத் தூக்கினாள்.

நாலாம் நாள், யோர்தான் ஆற்றுப் பக்கத்து முகட்டில் தலைகள் தெரிந்தன. பத்து, இருபது, ஐம்பது பேர். அத்தாராள் பயந்து சிபியாளின் கையைப் பிடித்தாள். ஆனால் கேட்டது எபிரெயப் பேச்சு. போருக்குப் பயந்து அக்கரை நாடுகளான மோவாபுக்கும் அம்மோனுக்கும் ஓடிப்போயிருந்தவர்கள், தேசத்தில் ஜனம் மிச்சமிருக்கிறதாம் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வருகிறார்கள். குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். கிழவர்களைக் கழுதையில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் வந்தவன் தூரத்திலிருந்தே கையை வாயில் குவித்துக் கூவினான்.

"ஏ அக்கா! யாராவது இருக்கீங்களா? நம்ம ஜனமா?"

"நம்ம ஜனம்தான்!" அத்தாராள் தொண்டை கிழியக் கத்தினாள். "வாங்க! எல்லாரும் வாங்க! பசிக்குதா? பழம் இருக்கு! கூடை கொண்டு வந்தீங்களா? கூடை பத்தல எங்களுக்கு!"

சரிவில் அவர்கள் ஓடத் தொடங்கினார்கள். அத்தாராள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களை எதிர்கொள்ள மேலே ஓடினாள்.